ஓடும்போதே அணைகிற 1998 மாருதி 800: இக்னிஷன் சுவிட்ச்தானா?

தக்கலைக்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். அப்பா 1998-ல் வாங்கிய மாருதி 800, கார்புரேட்டர் வண்டி. 15 வருடம் முடிந்த பிறகு மூன்று முறை ஆர்.சி. புதுப்பித்து இன்னும் ஓட்டுகிறேன். அப்பா இல்லை, வண்டி இருக்கிறது. விற்கிற எண்ணம் கிடையாது, அதனால் "வேற வண்டி வாங்குங்க" என்கிற பதிலை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

ஆறு மாதமாக ஒரு தொல்லை. சாவியைத் திருப்பினால் மீட்டரில் விளக்கு எரியும், செல்ஃப் எடுக்காது. நாலைந்து முறை திருப்பினால் ஒருமுறை எடுக்கும். காலையில் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. நாகர்கோவில் போய் வடசேரியில் நிறுத்திவிட்டு அரை மணி நேரத்தில் திரும்பி வந்தால்தான் மல்லுக்கு நிற்கும். பட்டறையில் முதலில் பேட்டரி என்றார்கள், மாற்றினேன். அப்புறம் செல்ஃப் மோட்டாரைக் கழற்றி கார்பன் மாற்றினார்கள். ஒரு வாரம் நன்றாக இருந்தது, பிறகு பழைய கதைதான்.

போன வெள்ளிக்கிழமைதான் பயந்துவிட்டேன். வில்லுக்குறி தாண்டி வரும்போது சாலையில் ஒரு பள்ளம். வண்டி குதித்தது, அந்த நொடியே எஞ்சின் அணைந்து மீட்டர் விளக்குகளும் போய்விட்டன. பின்னால் கேரளா பக்கம் போகிற லாரி. எப்படியோ ஓரம் கட்டினேன். சாவியைக் கொஞ்சம் ஆட்டியதும் விளக்கு வந்தது, வண்டியும் கிளம்பியது. அம்மா பக்கத்தில் இருந்தார்கள். இனி இதைச் சரி செய்யாமல் அவர்களை ஏற்றப் போவதில்லை.

இது இக்னிஷன் சுவிட்ச் தேய்மானமா, வேறு ஏதாவதா? காசு செலவழிப்பதற்கு முன்னால் எப்படி உறுதி செய்வது?

குளச்சல் கரை:

முதலில் பேட்டரி எர்த் வயரைப் பாருங்கள் அண்ணே. கடற்கரைப் பக்கம் இருக்கிற எங்களுக்கு இதுதான் முதல் சந்தேகம். குளச்சலில் இரவு வெளியே நிற்கிற வண்டியில் ஒரு வருடத்தில் வயர் முனையில் இருக்கிற லக் எல்லாம் பச்சை பூத்துவிடும். வயர் வெளியே பார்க்கப் புதிதாக இருக்கும், உறையைச் சீவினால் உள்ளே செம்பு கறுத்துப் பொடியாக உதிரும். பேட்டரி நெகட்டிவிலிருந்து பாடிக்குப் போகிற வயர், கியர்பாக்ஸிலிருந்து பாடிக்கு வருகிற பட்டை, இரண்டையும் கழற்றி உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இறுக்கி, மேலே வாசலின் தடவுங்கள். செலவே இல்லாத வேலை.

மார்த்தாண்டம் வயர்மேன்:

தம்பி, ஆட்டோ எலக்ட்ரிக்கல் வேலையில் 31 வருடம் இருந்துவிட்டு இப்போது ஓய்வில் இருக்கிறேன். குளச்சல்காரர் சொன்னதைச் செய்யுங்கள், அது எப்படியும் செய்ய வேண்டியதுதான். ஆனால் நீங்கள் எழுதியதில் ஒரு வரி எனக்குப் பதில் சொல்லிவிட்டது. பள்ளத்தில் குதித்தபோது எஞ்சினும் மீட்டர் விளக்கும் சேர்ந்து போயிற்று, சாவியை ஆட்டியதும் திரும்பி வந்தது என்கிறீர்கள். எர்த் போயிருந்தால் சாவியை ஆட்டி அது வராது. எஞ்சினுக்கும் மீட்டருக்கும் பொதுவான இடம் சுவிட்சின் உள்ளே, சாவி ஆனில் இருக்கும்போது கரண்ட் கொடுக்கிற ஐஜி (இக்னிஷன்) காண்டாக்ட். அதற்குப் போகிற வயர்களை இணைக்கிற செருகியான கப்ளரும் கூட்டாளியாக இருக்கலாம்.

சாவி போடுகிற இடத்தை எல்லோரும் ஒரே பொருளாக நினைக்கிறார்கள். அது இரண்டு பொருள். முன்பக்கம் சாவி நுழைகிற பூட்டு, அதற்குள் பித்தளைத் தகடுகள், கூடவே ஸ்டீயரிங்கைப் பிடிக்கிற முளை. பின்பக்கம் ஒரு சின்னப் பிளாஸ்டிக் டப்பி, அதுதான் மின்சார சுவிட்ச். அதிலிருந்து வயர் தொங்கும். சாவி திரும்பும்போது ஒரு நாக்கு இந்த டப்பிக்குள் இருக்கிற சுழல் தட்டைத் திருப்பும். தட்டில் செம்புப் பாலம், அதன் அடியில் சுருள்வில். பேட்டரியிலிருந்து வருகிற கரண்டை அந்தப் பாலம் ஏசிசி (ரேடியோ போன்றவை), ஐஜி, எஸ்டி (செல்ஃப்) என்று ஒவ்வொன்றுக்கும் கொடுக்கும்.

ஒவ்வொரு முறை அணைக்கும்போதும் பாலம் விலகுகிற இடத்தில் ஒரு பொறி பறக்கும். 25 வருடப் பொறி. செம்பில் குழி விழும், மேலே கரி படியும், கம்பெனியில் வைத்த கிரீஸ் காய்ந்து அரக்கு மாதிரி ஆகிவிடும், சுருள்வில்லும் தளர்ந்துவிடும். அப்போதுதான் குதித்தால் அணையும், ஆட்டினால் எரியும்.

இன்னொன்று. சூடான பிறகுதான் செல்ஃப் எடுக்கவில்லை என்கிறீர்கள். செல்ஃப் மோட்டாரை இயக்கிவிடுகிற சோலனாய்டு என்கிற மின்காந்தச் சுருள் முதல் இழுப்பில் 30 ஆம்பியரை ஒட்டி இழுக்கும். கண் இமைக்கிற நேரம்தான், ஆனால் அவ்வளவும் இந்தச் சின்னக் காண்டாக்ட் வழியாகப் போக வேண்டும். சூட்டில் சோலனாய்டு சுருளின் தடையும் ஏறிவிடும். சுவிட்சில் ஏற்கெனவே வோல்ட் தின்றுபோய் 7 வோல்ட்தான் போய்ச் சேருகிறது என்றால் குளிரில் எப்படியோ இழுத்துவிடும், சூட்டில் இழுக்காது. பட்டறையில் மோட்டாரைப் பழுது பார்த்ததும் ஒரு வாரம் ஓடியதற்கும் காரணம் இதுதான். சுத்தமான மோட்டார் குறைந்த வோல்ட்டிலும் கொஞ்ச நாள் ஒத்துழைத்திருக்கிறது.

வோல்ட் அளக்கிற மல்டிமீட்டர் ஒன்று வாங்குங்கள், விலை குறைந்தது போதும். நாளை சோதனை முறையை எழுதுகிறேன். இப்போது கண் மங்குகிறது.

குலசேகரம் ஜீப்:

இவ்வளவு சிரமம் எதற்கு? எங்கள் ரப்பர் தோட்டத்தில் ஓடுகிற பழைய டீசல் ஜீப்பில் இதே பிரச்சினை வந்தபோது சாவியை விட்டுவிட்டு ஒரு புஷ் பட்டன், ஒரு டாகிள் சுவிட்ச் போட்டோம். ஏழு வருடம் ஆயிற்று, பேச்சிப்பாறை மேட்டில் எத்தனையோ மழையில் ஏறி இறங்கியிருக்கிறது. டாகிளைத் தட்டு, பட்டனை அமுக்கு, அவ்வளவுதான். எந்த எலக்ட்ரிக் கடையிலும் கிடைக்கும்.

திங்கள்சந்தை டீச்சர்:

குலசேகரம் அண்ணன் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது. காரில் அதைச் செய்யவே வேண்டாம். எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

பழைய மாருதி ஜென் கார் வைத்திருந்தோம். சாவி தகராறு செய்தபோது ஒரு பட்டறையில் இதே பட்டன் வேலையைச் செய்து கொடுத்தார்கள். ஸ்டீயரிங் பூட்டு மட்டும் அப்படியே இருந்தது. வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வைத்திருந்தோம், சாவியைப் போட்டு ஸ்டீயரிங் பூட்டை எடுத்துவிட்டுத்தான் பட்டனை அமுக்க வேண்டும், சாவி அப்படியே இருக்க வேண்டும் என்று. ஒருநாள் தம்பி அவசரத்தில் சாவியை உருவிப் பையில் போட்டுக்கொண்டு பட்டனில் கிளப்பிவிட்டான். சக்கரம் நேராக இருந்ததால் வண்டி நகர்ந்தது. கால்வாய்க் கரையோரம் முதல் வளைவில் திருப்பினான், 'டக்' என்று பூட்டிக்கொண்டது. நடக்கிற வேகம்தான், அதனால் ஒரு மதில்சுவரோடு போயிற்று. வலப்பக்கம் திரும்பியிருந்தால் கால்வாய்.

சாவி இல்லாமல் எஞ்சின் ஓடக்கூடிய நிலையை ஸ்டீயரிங் பூட்டு உள்ள வண்டியில் உண்டாக்கவே கூடாது. அன்றிலிருந்து இதை யார் கேட்டாலும் சொல்லிக்கொண்டு இருக்கிறேன்.

குலசேகரம் ஜீப்:

டீச்சர், தம்பிக்கு ஒன்றும் ஆகவில்லையே? எங்கள் ஜீப்பில் ஸ்டீயரிங் பூட்டு கிடையாது. அதை யோசிக்காமல் எழுதிவிட்டேன்.

திங்கள்சந்தை டீச்சர்:

நெற்றியில் ஒரு வீக்கம், அவ்வளவுதான். கடவுள் காத்தார்.

மார்த்தாண்டம் வயர்மேன்:

டீச்சர் எழுதியது நூற்றுக்கு நூறு சரி. குலசேகரத்தார் வண்டிக்கும் தக்கலைத் தம்பி வண்டிக்கும் இன்னொரு பெரிய வேறுபாடும் உண்டு. பழைய டீசல் எஞ்சின், பம்ப் எண்ணெய் தள்ளுகிற வரைக்கும் ஓடும். மின்சாரம் போனாலும் நிற்காது. அதனால்தான் அந்தக் காலத்து டீசலில் அணைப்பதற்குத் தனியாக ஒரு இழுவைக் கம்பி. பெட்ரோல் வண்டியில் ஸ்பார்க் தருகிற காயிலுக்கே ஐஜி வழியாகத்தான் கரண்ட். கார்புரேட்டரில் ஐடில் சோலனாய்டு இருந்தால் அதற்கும் அங்கிருந்துதான். ஐஜி ஒரு நொடி போனால் எஞ்சின் போயிற்று. ஆகையால் டீசலில் ஏழு வருடம் ஓடிய ஏற்பாட்டை இங்கே அளவுகோலாக வைக்க முடியாது.

சரி, சோதனைக்கு வருவோம்.

வண்டியை நியூட்ரலில் போட்டு ஹேண்ட்பிரேக் இழுத்து, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். மல்டிமீட்டரை 20 வோல்ட் டி.சி.யில் வையுங்கள். எல்லாம் அணைந்த நிலையில் பேட்டரியில் 12.6 பக்கம் இருக்க வேண்டும். ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லிப் பேட்டரியில் பாருங்கள், 10-க்குக் கீழே போகாமல் இருந்தால் பேட்டரி நல்லது. அடுத்து செல்ஃப் மோட்டாரில் சின்ன வயர் வருகிற முனை, அதற்கும் பாடிக்கும் நடுவில் வைத்துத் திரும்பவும் அடிக்கச் சொல்லுங்கள். இரண்டு எண்களுக்கும் உள்ள வித்தியாசம்தான் வழியில் தொலைந்துபோன வோல்ட். அரை வோல்ட் என்றால் விட்டுவிடலாம். இரண்டு மூன்று வோல்ட் என்றால் தேட வேண்டும்.

தேடுவதற்கு ஸ்டீயரிங் கீழே இருக்கிற கவரைக் கழற்றி, சுவிட்ச் கப்ளரின் பின்பக்கமாக மெல்லிய முனையைச் செருகுங்கள். கப்ளரைப் பிரிக்காமல் செய்யவும், ஏனென்றால் கரண்ட் ஓடும்போதுதான் உண்மை தெரியும். சிகப்பு முனையைப் பேட்டரி வயரிலும் கறுப்பை எஸ்டி வயரிலும் வைத்துச் செல்ஃப் அடித்தால், காட்டுகிற எண் முழுக்க சுவிட்ச் தின்றது. அதேபோல ஐஜி வயரில் வைத்து, சாவியை ஆன் செய்து, வைப்பரும் ஃபேனும் போட்டுப் பாருங்கள். 0.2 வரை நல்லது. சாவியை மேலும் கீழும் பைய ஆட்டும்போது எண் துள்ளினால் காண்டாக்ட் போய்விட்டது.

பலர் மல்டிமீட்டரைத் தடை அளக்கிற ஓம்ஸில் வைத்து "பீப் அடிக்குது, சுவிட்ச் நல்லா இருக்கு" என்பார்கள். மீட்டர் அனுப்புகிற கரண்ட் மில்லி ஆம்பியர். நூல் அளவு செம்பு தொட்டுக்கொண்டிருந்தாலும் பீப் வரும். 30 ஆம்பியர் கேட்கும்போதுதான் அது கைவிடும்.

வயர் நிறத்தை நம்ப வேண்டாம். அந்த வண்டிகளில் எஸ்டி கறுப்பில் மஞ்சள் கோடு, ஐஜி கறுப்பில் வெள்ளைக் கோடு என்று வரும். ஆனால் 25 வருடத்தில் எத்தனை கை பட்டிருக்கும்? டெஸ்ட் லேம்ப் வைத்துப் பார்த்த பிறகே முடிவு செய்யுங்கள்.

கன்னியாகுமரி அம்பாசிடர்:

சூரிய உதயம் பார்க்க வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு 20 வருடம் அம்பாசிடர் ஓட்டினேன், இப்போது வண்டி வீட்டில் நிற்கிறது. வயர்மேன் அண்ணாச்சி மின்சாரத்தைச் சொல்லிவிட்டார், நான் சாவியைச் சொல்கிறேன்.

தக்கலைத் தம்பி, உங்கள் சாவிக் கொத்தில் என்னென்ன தொங்குகிறது? என் கொத்தில் வீட்டுச் சாவி, கடைச் சாவி, பீரோ சாவி, ஒரு பித்தளை வேல், எல்லாம் இருந்தது. மேடு பள்ளத்தில் அது ஊஞ்சல் மாதிரி ஆடி ஆடிப் பூட்டின் வாயைத் தளர்த்திவிட்டது. கடைசியில் ஆன் நிலையிலேயே சாவி கையோடு வந்தது. என் வண்டியில் சுவிட்ச் டேஷ்போர்டில், ஸ்டீயரிங் பூட்டு கிடையாது, அதனால் ஆபத்து இல்லை. உங்கள் வண்டியில் அப்படி வந்தால் டீச்சர் சொன்னதுதான் நடக்கும்.

சாவியும் தேயும். புதுச் சாவி வெட்டும்போது கையில் இருக்கிற தேய்ந்த சாவியை மாதிரி கொடுத்தால் தேய்மானத்தையும் சேர்த்துத்தான் வெட்டித் தருவார்கள். வண்டி வாங்கும்போது கொடுத்த இரண்டாவது சாவி பீரோவில் புதிதாகக் கிடக்கும், அதைக் கொண்டுபோங்கள். பூட்டுக்குள் தேங்காய் எண்ணெய் விடுகிற பழக்கம் நம் ஊரில் உண்டு, அதையும் செய்ய வேண்டாம். தூசி ஒட்டிக் களியாகும். கிராஃபைட் பொடிதான் சரி. கிடைக்காவிட்டால் பென்சில் முனையைச் சுரண்டி அந்தப் பொடியைச் சாவியில் தடவிப் போடலாம்.

ஆரல்வாய்மொழி:

சாவிக் கொத்து விஷயத்தைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் 2014-ல் ஏறத்தாழ 26 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது இதே பொருளுக்காகத்தான். அங்கே தேய்மானம் இல்லை, சுவிட்ச் செய்யும்போதே உள்ளே இருக்கிற பிடிப்பு பலவீனமாக இருந்தது. கனமான சாவிக் கொத்தோ ஒரு குலுக்கலோ போதும், ஓடும்போதே சாவி ஆனிலிருந்து ஏசிசிக்கு நழுவிவிடும். எஞ்சின் அணையும், பவர் ஸ்டீயரிங் போகும், மோதினால் ஏர்பேக்கும் விரியாது. இழப்பீட்டுக்காக அமைத்த நிதியம் 124 மரணங்களை ஏற்றுக்கொண்டது. சரி செய்கிற வரைக்கும் வளையத்தில் கார் சாவியை மட்டும் வைத்து ஓட்டுங்கள் என்றுதான் உரிமையாளர்களுக்குச் சொன்னார்கள்.

நம் 800-ல் ஏர்பேக்கும் இல்லை, பவர் ஸ்டீயரிங்கும் இல்லை. ஆனால் ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று மாதங்களில் பக்கவாட்டில் அடிக்கிற காற்றோடு போராடிக்கொண்டு போகும்போது எஞ்சின் அணைவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். பிரேக் பூஸ்டர் உள்ள வண்டி என்றால் எஞ்சின் அணைந்த பிறகு இரண்டு மூன்று மிதிக்குத்தான் உதவி மிச்சம் இருக்கும். விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தமாக மிதித்து ஓரம் கட்டுங்கள். சாவியை ஆட்டிப் பார்க்க வேண்டும் என்றாலும் லாக் பக்கம் மட்டும் கொண்டுபோக வேண்டாம்.

தக்கலைக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. அம்பாசிடர் அண்ணாச்சி, என் கொத்தில் ஏழு சாவி இருந்தது. அன்றே கழற்றிவிட்டேன்.

குளச்சல் அண்ணன் சொன்னபடி எர்த் இரண்டையும் சுத்தம் செய்தேன். பாடிப் பட்டையில் நிஜமாகவே பச்சை பூத்திருந்தது. செல்ஃப் கொஞ்சம் வேகம் கூடியது, ஆனால் எடுக்காமல் போவது நிற்கவில்லை.

இன்று மீட்டர் வைத்துப் பார்த்தேன். மச்சான் செல்ஃப் அடித்தார். பேட்டரி சும்மா இருக்கும்போது 12.6, அடிக்கும்போது 10.4. செல்ஃப் மோட்டாரின் சின்ன முனையில் 7.1. வித்தியாசம் 3.3 வோல்ட்! சுவிட்சின் குறுக்கே மட்டும் 2.1. ஐஜியில் வைப்பரும் ஃபேனும் போட்டபோது 0.9, சாவியை ஆட்டினால் 0.4 முதல் 3 வரை துள்ளுகிறது. ஒருமுறை ஆட்டியதில் ஃபேனே நின்றுவிட்டது.

சுவிட்ச் 2.1 என்றால் மீதி 1.2 எங்கே போகிறது?

மார்த்தாண்டம் வயர்மேன்:

இப்படி எண்ணோடு எழுதினால் பதில் சொல்கிறவனுக்கும் உற்சாகம் வருகிறது.

மீதி 1.2, சுவிட்சுக்கு முன்னும் பின்னும் இருக்கிற வழியில் போகிறது. பேட்டரியிலிருந்து மெயின் ஃப்யூஸ், அங்கிருந்து ஸ்டீயரிங் கீழே கப்ளர், அங்கிருந்து திரும்ப எஞ்சின் பக்கம். அவ்வளவு தூரம் ஒல்லியான வயரில் 30 ஆம்பியர் போனால் கொஞ்சம் விழத்தான் செய்யும். கப்ளரைக் கழற்றிப் பாருங்கள். பிளாஸ்டிக் பழுப்பேறியோ உருகியோ இருந்தால் அதுவும் குற்றவாளி. புது சுவிட்ச் போட்டு உருகிய கப்ளரில் செருகினால் புதியதும் அதே சூட்டில் போய்விடும். முகம் கழுவி அழுக்குத் துண்டால் துடைக்கிற கதை.

என்ன செய்ய வேண்டும் என்றால், பின்பக்க மின்சார டப்பியை மாற்றுங்கள். பூட்டும் தளர்ந்திருந்தால் பூட்டும் டப்பியும் சேர்ந்த லாக் செட்டை முழுவதுமாகப் போடலாம். கூடவே செல்ஃபுக்கு ஒரு ரிலே, அதாவது சின்னக் கரண்டால் பெரிய கரண்டை இயக்குகிற சுவிட்ச், வையுங்கள். இது கம்பெனி வயரிங்கில் இருக்காது, ஆனால் பழைய வண்டிக்கு இதைவிட நல்ல துணை இல்லை.

சாதாரண நாலு கால் 12 வோல்ட் ரிலே, 30 அல்லது 40 ஆம்பியர். எண் 30 காலுக்குப் பேட்டரி பாசிட்டிவிலிருந்து நேராக ஒரு கனமான வயர், 4 சதுர மில்லிமீட்டர். பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் 30 ஆம்பியர் ஃப்யூஸ் அவசியம். 87-ஆம் காலிலிருந்து செல்ஃப் மோட்டாரின் சின்ன முனைக்கு. முன்பு அந்த முனைக்கு வந்துகொண்டிருந்த பழைய எஸ்டி வயரை 86-ல் செருகுங்கள். 85 பாடி எர்த். இனி சாவி கொடுக்க வேண்டியது ரிலேச் சுருளுக்கான 0.25 ஆம்பியருக்கும் குறைவுதான். சாவி, ஸ்டீயரிங் பூட்டு எல்லாம் தன் வேலையைத் தானே செய்யும், சுமை மட்டும் இறங்கிவிடும். குலசேகரத்தார் ஆசைப்பட்ட எளிமையும் கிடைக்கும், டீச்சர் பயந்த ஆபத்தும் வராது.

ஃப்யூஸ் இல்லாமல் மட்டும் யாரும் போட வேண்டாம். உரசி அறுந்த ஒரே வயரால் முழுசாக எரிந்துபோன வண்டியைப் பார்த்திருக்கிறேன்.

குளச்சல் கரை:

மாற்றத்தான் வேண்டுமா அண்ணாச்சி? என் பழைய ஆம்னியில் டப்பியைப் பிரித்து, ஜீரோ நம்பர் எமரித் தாளால் செம்பைத் தேய்த்து, சுருள்வில்லைக் கொஞ்சம் இழுத்துவிட்டுப் புதுக் கிரீஸ் வைத்தேன். இரண்டு வருடம் ஓடியது.

மார்த்தாண்டம் வயர்மேன்:

உங்கள் கை நேர்த்தி அப்படி. நானும் சாமான் கிடைக்காத காலத்தில் எத்தனையோ டப்பியைப் பிரித்து ஒட்டியிருக்கிறேன். ஆனால் தேய்க்கத் தேய்க்கச் செம்பு மெலியும், குழி போகாது. சுழல்கிற பிளாஸ்டிக்கில் விழுந்த பள்ளத்தை எந்தத் தாளாலும் நிரப்ப முடியாது. பிரிக்கும்போது குண்டுமணி அளவு உருண்டையும் வில்லும் தெறித்து ஓடினால் அன்றைய நாள் போயிற்று. இன்னொன்று, இவர் வண்டி ஓடும்போதே அணைகிற வண்டி. செல்ஃப் மட்டும் எடுக்காத வண்டி என்றால் தேய்த்துப் பாருங்கள் என்பேன். இதற்கு வேண்டாம்.

குளச்சல் கரை:

நியாயம்தான்.

தக்கலைக்காரன்:

ஞாயிற்றுக்கிழமை வேலையை முடித்தேன். நீளமாக எழுதுகிறேன், பின்னால் தேடி வருகிறவர்களுக்கு உதவட்டும்.

பூட்டும் தளர்ந்திருந்தது, சாவி ஆன் நிலையில் பாதி வெளியே வந்தது. அதனால் லாக் செட் முழுசாக வாங்கினேன். கடைக்காரர் ஆர்.சி. நகலைக் கேட்டார், அதுவும் நல்லதுதான்.

பேட்டரி நெகட்டிவை முதலில் கழற்றினேன். கவரின் ஸ்க்ரூக்களை எடுத்ததும் பூட்டு தெரிந்தது. அதை ஸ்டீயரிங் தண்டோடு பிடித்திருக்கிற இரண்டு போல்ட்டுக்கும் தலையே இல்லை, உருண்டையாக மழுங்கி இருந்தது. வயர்மேன் அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். திருடன் கழற்ற முடியாதபடி, இறுக்கும்போதே தலை முறிந்து விழுகிற மாதிரி செய்த போல்ட் அது என்றார். சென்டர் பஞ்சை ஓரத்தில் சாய்த்து வைத்து, கழற்றுகிற திசையில் சின்னச் சுத்தியலால் தட்டித் தட்டித் திருப்ப வேண்டும். முதல் போல்ட் பத்து நிமிடத்தில் வந்துவிட்டது. இரண்டாவது ஒரு மணி நேரம் எடுத்தது. பொறுமை இல்லாமல் பலமாக அடித்திருந்தால் தண்டைப் பாழாக்கியிருப்பேன். பழைய பூட்டை உருவும்போது சாவி ஏசிசியில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் முளை உள்ளே பிடித்துக்கொண்டு வராது.

கப்ளரைப் பிரித்தபோதுதான் மனது திக்கென்றது. பேட்டரி வயர் செருகுகிற குழி உருகி, ஓரம் கறுத்து, வயரின் உறை விரல் நீளத்துக்குக் கருகிக் கிடந்தது. அதோடு, ஐஜி வயரைச் சீவி அதில் ஒரு ஒட்டு போட்டு டேப் சுற்றியிருந்தது. பின்னாலேயே போய்ப் பார்த்தால் பனி விளக்கு! 2006 வாக்கில் ஒரு கடையில் அப்பா போட்ட விளக்கு அது, பேச்சிப்பாறை பக்கம் போகும்போது வேண்டும் என்று. ரிலே இல்லாமல் நேராக ஐஜியில் கொடுத்திருக்கிறார்கள். 55 வாட் இரண்டு, 110 வாட், 9 ஆம்பியர். இத்தனை வருடமாக அந்தச் சின்னச் செம்புப் பாலம் காயிலுக்கும் மீட்டருக்கும் வைப்பருக்கும் கொடுத்தது போக இதையும் சுமந்திருக்கிறது.

பழைய டப்பியைப் பிரித்தும் பார்த்தேன். ஐஜி பக்கத்துச் செம்பில் மிளகு அளவுக்குக் குழி. கிரீஸ் கரி மாதிரி உதிர்ந்தது.

உருகிய கப்ளரை வெட்டி எடுத்துப் புதுக் கப்ளர், புது முனைகள், ஒவ்வொன்றையும் கிரிம்ப் செய்து சுருக்கு ஸ்லீவ் போட்டேன். கருகின வயரை நல்ல செம்பு தெரிகிற வரைக்கும் வெட்டி, அதே கனத்தில் புது வயர் சேர்த்தேன். செல்ஃபுக்கு ஒரு ரிலே, பனி விளக்குக்குத் தனி ரிலே, இரண்டுக்கும் தனித்தனி ஃப்யூஸ். அப்பா போட்ட விளக்கை எடுக்க மனமில்லை.

புதுப் பூட்டை வைத்த பிறகு சாவியை லாக்கில் கொண்டுபோய் உருவி, ஸ்டீயரிங்கை மெல்லத் திருப்பி, முளை தண்டின் குழியில் சரியாக விழுகிறதா என்று பார்த்தேன். திரும்பச் சாவி போட்டதும் சுலபமாக விடுகிறதா என்று பத்து முறை சோதித்த பிறகுதான் போல்ட்டைத் தலை முறிகிற வரைக்கும் இறுக்கினேன்.

இப்போது எண்கள்: செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி 10.5, சின்ன முனையில் 10.1. ஐஜியில் 0.1, சாவியை எப்படி ஆட்டினாலும் அசையவில்லை.

ஒரே ஒரு குறை. புது லாக் செட்டால் இக்னிஷனுக்கு ஒரு சாவி, கதவுக்கு ஒரு சாவி என்று ஆகிவிட்டது.

கன்னியாகுமரி அம்பாசிடர்:

கொள்ளாம் மக்கா! கதவுச் சாவிக்குக் கவலை வேண்டாம். நல்ல பூட்டு வேலைக்காரர் என்றால் கதவுப் பூட்டைக் கழற்றி, உள்ளே இருக்கிற பித்தளைத் தகடுகளைப் புதுச் சாவிக்கு ஏற்ற வரிசையில் மாற்றி அடுக்கிக் கொடுப்பார். எல்லாத் தகடும் ஒத்துவராவிட்டால் ஒன்றிரண்டை விட்டுவிட்டு அடுக்குவார்கள், கதவுக்கு அது போதும். இக்னிஷன் பூட்டில் மட்டும் தகடு குறைக்க விடாதீர்கள்.

நெய்யூர் வேகன்ஆர்:

ஒரு சந்தேகம். என்னுடையது கொஞ்சம் புதிய வண்டி, சாவியில் சிப் உண்டு. இதே மாதிரி நானே கழற்றலாமா?

மார்த்தாண்டம் வயர்மேன்:

கழற்ற வேண்டாம். சிப் சாவி உள்ள வண்டியில் பூட்டைச் சுற்றி ஒரு ஆன்டெனா வளையம் இருக்கும், சாவியைக் கம்ப்யூட்டரோடு பதிவு செய்ய வேண்டும். ஏர்பேக் உள்ள ஸ்டீயரிங் என்றால் அதன் பக்கத்தில் டெஸ்ட் லேம்ப் வைப்பதே தப்பு. வோல்ட் அளந்து பார்ப்பது வரை நீங்கள் செய்யலாம், அதுவும் ஏர்பேக் வயரைத் தொடாமல். அதற்குமேல் கற்றவர்களிடம் கொண்டுபோங்கள்.

தக்கலைத் தம்பி, ஒரு மாதம் கழித்துக் கவரைத் திறந்து கப்ளரைக் கையால் தொட்டுப் பாருங்கள். இரவில் பனி விளக்கும் வைப்பரும் போட்டு அரை மணி நேரம் ஓட்டிவிட்டு உடனே தொட வேண்டும்.

தக்கலைக்காரன்:

ஐந்து வாரம் ஆகிவிட்டது. நேற்று இரவு நல்ல மழை. அம்மாவைக் குலசேகரத்தில் சித்தி வீட்டில் விட்டுவிட்டு, பனி விளக்கும் வைப்பரும் போட்டபடியே திரும்பி வந்தேன். வீட்டு முற்றத்தில் நிறுத்தியதும் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு கவரைத் திறந்து தொட்டேன். கப்ளர் கைச்சூட்டுக்கு மேல் இல்லை, ரிலே மட்டும் லேசான வெதுவெதுப்பு. பழைய டப்பியை ஒரு பாட்டிலில் போட்டு வைத்திருக்கிறேன் அண்ணாச்சி, மார்த்தாண்டம் வரும்போது கொண்டு வருகிறேன்.